அத்தை சொன்ன ஆமென்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் அத்தை தன் பொறுப்பில் முதன்முதலாக விளைவித்த உப்பை ஒரே ஒரு ஜெபத்தால் கரைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. நுங்குக்காகச் செய்தேன்.

முதலில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் குற்றத்தின் பருமன் விளங்காது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையோரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஜெபவீடு. வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப்போல உப்பளத்து ஆட்கள். மீதிப் பேர் பெருமுக்கல் பக்கத்திலிருந்து வரும் விவசாயக் குடும்பங்கள். அவர்களுக்கு மழை பெய்தால் பிழைப்பு, எங்களுக்குப் பெய்யாவிட்டால்தான் பிழைப்பு. ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரே ஆண்டவரிடம் எதிரும் புதிருமாக மனுப் போட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம்! அதனால் எங்கள் சபையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஜெபிக்கும்போது மழை என்றோ வெயில் என்றோ யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. "எங்களுக்கு எது நல்லதோ அதைத் தாரும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். பாஸ்டர் ஐயாவே அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போவார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். இருபது வருஷம் அடுத்தவர் அளத்தில் கூடை கூடையாக உப்பு சுமந்தாள். அந்த வருஷம்தான் அளக்காரரிடம் மன்றாடி நான்கு பாத்திகளைத் தன் பொறுப்பில் வாங்கியிருந்தாள். பொம்பளை தனியாக அளம் நடத்துவதா என்று ஊரே சிரித்தது. அளக்காரருக்கும் நம்பிக்கை இல்லை. "மே மாசம் முடியறதுக்குள்ள ஒரு டிராக்டர் லோடாவது வரப்புல நிக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

மார்ச்சில் வரப்பு உடைந்து, கால்வாய்த் தண்ணீர் புகுந்து, பூத்த உப்பெல்லாம் போயிற்று. அத்தை மறுபடியும் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைச் சரிசெய்தாள். ஏப்ரலில் ஒரு மணி நேர மழை. அதுவும் போயிற்று. மறுபடியும் மிதித்தாள். பக்கத்துப் பாத்திக்காரர் மனசு கேட்காமல், "ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? பழையபடி கூடை தூக்கினாலாவது சோறு கெடைக்கும்" என்றார்.

"கரைஞ்சது உப்புதாங்க. நான் கரையலையே" என்றாள் அத்தை.

அத்தையால் எனக்கு ஒரே ஒரு அவமானம் இருந்தது. அவள் சொல்லும் ஆமென். சபையில் யார் எதைச் சொன்னாலும் முதல் ஆமென் அவளுடையதுதான், அதுவும் கூரை அதிரும்படி. ஒருமுறை பாஸ்டர் ஐயா, "மைக் ரிப்பேர் ஆயிடுச்சி, அடுத்த வாரம்தான் சரியாகும்" என்று அறிவித்ததற்கும் "ஆமென்!" என்றாள். பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் எதையும் காதில் வாங்காமல் பழக்கத்தில் சொல்லுகிறாள் என்பது என் முடிவு. நான் அப்போதே பெரிய புத்திசாலி.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தது. பெருமுக்கல் பக்கத்துத் தோழி ஒருத்தி தினமும் டிராக்டரில் வந்து இறங்குவாள். ஒரு நாள் ஓலையில் கட்டி நுங்கு கொண்டுவந்தாள். அதை நோண்டித் தின்றுகொண்டிருந்தபோதுதான் கேட்டாள்: "கடைசி நாளு நீதான ஜெபம் பண்ணப் போற? எங்களுக்கு மழ வேணும்னு கேளேன். எங்க கெணத்துல தவளகூட இல்ல. எங்கம்மா தண்ணிக்கி எம்மாந் தூரம் போவுது தெரியுமா?"

சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் நுங்கு இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நிறைவு நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்கு வந்த தைரியத்தை என்னவென்று சொல்ல! கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, மழையைத் தாரும்" என்றேன். அதோடு விட்டேனா? "பெரிய மழையாத் தாரும். கிணறெல்லாம் ரொம்பணும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. உப்பளத்துப் பக்கம் மூச்சு இல்லை. விவசாயிகள் பக்கமும் சங்கடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் காது சுட்டது. அந்த அமைதிக்குள் பின்வரிசையிலிருந்து, "ஆமென்!" என்று ஒரு குரல் கூரையைத் தூக்கியது. யாருடையது என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் தொடையைத் திருகினாள். "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடி? அண்ணி உப்பு பூத்துக் கெடக்குது, இவ மழயக் கூப்புடறா!"

"வுடு, கொழந்த" என்றாள் அத்தை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. நல்லவேளை, வழக்கம்போல இவள் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டிவியில் சொன்னார்கள், மறுநாள் கடலோர மாவட்டங்களில் இடியோடு மழை என்று. அத்தையின் உப்பு இன்னும் மூன்று நாள் கிடந்தால் கல் கல்லாகத் திரண்டிருக்கும். ஆனால் கிடக்க விடுவதற்கு நாள் ஏது? விடிந்ததும் வாரிவிடுவதென்று முடிவாயிற்று. அந்தச் செய்தியை ஊரில் எல்லாரும்தான் கேட்டார்கள். எல்லா அளத்திலும் அன்றைக்கே வேலை. கூலிக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. அப்பாவோ விடியற்காலையிலேயே ஆரோவில்லுக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

நான்கு பாத்திக்கு அத்தையும் அம்மாவும் மட்டும். அத்தை நீண்ட பலகையால் உப்பை இழுத்துக் குவிக்க, அம்மா கூடையில் வரப்புக்குச் சுமந்தாள். நானும் ஒரு சின்னச் சட்டியில் தூக்கினேன். வெயில் ஏறிய பிறகும் ஒரு பாத்தி பாதிதான் முடிந்திருந்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அத்தை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள், மறுபடி குனிந்து இழுக்க ஆரம்பித்தாள். மே மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. இதுவும் கரைந்தால் இன்னொரு உப்பு பூக்க நேரமில்லை. அவள் திரும்பக் கூடைக்காரிதான். அதற்கு முழுக் காரணம் நான்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் மண்டி போட்டேன். "ஆண்டவரே, ஞாயித்துக்கெழம சொன்னது தெரியாம சொன்னது. பெருமுக்கல்லயே பெஞ்சிட்டுப் போயிடட்டும். இங்க வரவேணாம்" என்று முகவரியைத் திருத்திக் கொடுத்தேன். அப்போது தடதடவென்று ஒரு சத்தம். இடிதான், என் பாவம் என்னைப் பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

வந்தது டிராக்டர். உப்பளத்து மண் பாதையில் குதித்துக் குதித்து வந்து நின்றது. தோழியின் அப்பா ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் டிரெய்லரில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். காலடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கும் நீலத் தார்ப்பாய்கள். மேலே உட்கார்ந்திருந்த என் தோழி, கல்யாணத்துக்கு வந்தவள்போலக் கையாட்டினாள்.

அவள் அப்பா சபையில் வாயே திறக்காத மனிதர். இறங்கி வந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மழன்னு டிவியில சொன்னான், சிஸ்டர். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கல. அப்புறந்தான் ஒங்க உப்பு நெனப்பு வந்துச்சி. தூக்கமே வரல."

அத்தை வாயைத் திறப்பதற்குள் அவர்கள் அத்தனை பேரும் செருப்புக்காலோடு பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள்.

"செருப்ப கழட்டுங்க! இன்னா, நெல்லடிக்கிற களம்னு நெனச்சீங்களா?" என்று கத்தினாள். கழற்றினார்கள். உப்புத் தண்ணீர் கால் வெடிப்பில் ஏறியதும் ஆளாளுக்கு ஓர் ஆட்டம் ஆடினார்கள் பாருங்கள், எங்கள் பக்கத்து அளத்தார் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடுத்தது பலகை. மண்வெட்டி பிடித்த கைகள் அல்லவா, ஓங்கி இழுத்ததில் உப்போடு தரைக் களிமண்ணும் பெயர்ந்து வந்தது. "மெதுவா, மெதுவா! கொழந்தைக்குத் தல சீவற மாரி இழுக்கணும்!" என்று அத்தை வரப்பில் இங்கும் அங்கும் ஓடினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு முதல் சொட்டு விழுந்தபோது மூன்று பாத்தி உப்பும் வரப்பில் மலையாக நின்றது. நான்காவது பாத்தியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் தார்ப்பாயை இழுத்தார்கள். கயிறு போட்டார்கள். கல் வைத்தார்கள். கடைசி முடிச்சு விழுந்ததும் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான்காவது பாத்தி எங்கள் கண்ணெதிரே வெறும் தண்ணீராயிற்று. தார்ப்பாய் அசையவில்லை.

வந்தவர்களுக்குச் சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியவில்லை. அவர்கள் ஊரிலும் இதே மழைதான் பெய்துகொண்டிருக்கும். ஆனால் கரைந்துபோன பாத்தியின் ஓரத்தில் நின்றுகொண்டு எப்படிச் சிரிப்பது? எல்லாரும் நனைந்தபடி அத்தையின் முகத்தையே பார்த்தார்கள்.

அத்தை வரப்பின் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். "பெய்யட்டும்! நல்லாப் பெய்யட்டும், ஆண்டவரே! கெணறு ரொம்பற வரைக்கும் பெய்யட்டும்!"

வாயே திறக்காத என் தோழியின் அப்பா, "ஆமென்!" என்று கத்தினார். அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எந்தப் பண்டிகையிலும் வந்ததில்லை.

மறுநாள் காலை அளக்காரர் குடையோடு வந்தார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"மண்ணு கலந்திருக்குதே."

"கலந்திருக்குது. லோடு நிக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க."

அவர் குவியலைச் சுற்றி வந்தார். இன்னொரு முறையும் சுற்றி வந்தார். "நிக்குது" என்றார்.

அவ்வளவுதான். பாத்திகள் அத்தையிடமே நின்றன. இன்றைக்கு அவள் கையில் பத்துப் பாத்தி இருக்கிறது. அன்று சிரித்த ஊரில் நான்கு பெண்கள் தனியாக அளம் எடுத்து நடத்துகிறார்கள்.

சபையிலும் அந்தப் பழைய சட்டம் அதோடு ஒழிந்தது. அடுத்த ஞாயிறு தோழியின் அப்பா எழுந்து, "ஆண்டவரே, உப்பு வெளையணும், நல்ல வெயிலத் தாரும்" என்று ஜெபித்தார். அத்தை எழுந்து மழை கேட்டாள். இன்றும் எங்கள் ஜெபவீட்டில் விவசாயிகள் வெயிலுக்கும் உப்பளத்தார் மழைக்கும் ஜெபிப்பார்கள். புதிதாக வருகிறவர்கள், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விழிப்பார்கள்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியாமல் அத்தையின் மடியில் விழுந்து ஒப்புக்கொண்டேன். "அத்த, அந்த மழைய நாந்தான் கேட்டேன்."

"தெரியுமே. நாந்தான ஆமென் சொன்னேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக் ரிப்பேருக்கு ஆமென் சொன்ன அத்தை, என்னைத் தேற்ற ஏதோ சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கஷ்டமான ஜெபத்தைச் செய்தவள் நான், ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டவள் அவள் என்பதுதான் ஒன்பது வயதில் என் கணக்கு.

போன வருஷம், நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டுப் பக்கத்தில் உள்ள கிளையில் ஓர் இடம் காலியாயிற்று. ஆறு வருஷமாக நான் காத்திருந்த இடம். கூட வேலை செய்யும் ஒருத்தி அதற்கு எழுதிப் போட்டிருந்தாள். அவள் வீடும் அந்தப் பக்கம்தான், குழந்தைக்கு உடம்பு சரியில்லை. நானும் எழுதிப் போட்டிருப்பது தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஜெபம் பண்ணுக்கா" என்றாள். அவளே ஜெபிக்க ஆரம்பித்து, அந்த இடத்தின் பெயரைச் சொல்லியே கேட்டாள். முடித்துவிட்டு நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மூடிய கண்ணுக்குள் நான்கு பாத்தி உப்பு பூத்துக் கிடந்தது, பின்வரிசையில் அத்தை ஒவ்வொரு சொல்லையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னேன். அத்தை அளவுக்குச் சத்தமாக இல்லை.