உறுப்பினர் எண் ஒன்று

கட்சிக் கொடியை மட்டும் சமுத்திரம் தன் கையால் துவைக்கிறார். வேறு யாரையும் தொடவிடுவதில்லை. ஒரு கரண்டி சோப்புத் தூள், பச்சைத் தண்ணீர், முறுக்கிப் பிழியாமல் இரண்டு நுனியையும் பிடித்து நாலு உதறல். பிறகு மாடிக் கம்பியில் நிழல் விழும் பக்கமாகப் பார்த்துக் காயப்போடுவார். அதே கம்பியின் மறுகோடியில் தொங்கும் அவருடைய வேட்டி, சட்டை, துண்டு, பனியன் எல்லாம் அவர் மனைவி செல்லக்கனி துவைத்தவை. பனியன்கள் இளஞ்சிவப்பாக இருக்கும். முதல் வாரம் கொடியைத் துணி வாளியிலேயே முக்கிவைத்ததால் வந்த வினை. "கட்சி வளருதோ இல்லியோ, சாயம் நல்லாப் பரவுது" என்று செல்லக்கனி அன்றைக்குக் கீழேயிருந்து சொன்னது எதிரே எங்கள் மாடிவரை கேட்டது.

அந்த வீட்டில் ரகசியம் தங்காது. சமுத்திரம் முப்பத்தோரு வருடம் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். செல்லக்கனி இன்றைக்கும் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் தறி ஓட்டுகிறார். இருவர் காதிலும் இரைச்சல் குடியேறிவிட்டதால், 'உப்புப் போதுமா' என்று கேட்பதுகூடத் தெருமுனைவரை போகும். எதிர்வீட்டுக்காரியான நான் ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சமுத்திரத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. எந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னும் வாசலில் நின்று இரண்டு தோளையும் தட்டிவிட்டுக்கொள்வார். மில்லை விட்டு ஒரு வருடமாகிறது. தோளில் பஞ்சு கிடையாது. ஆனாலும் தட்டுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் வடத்தைத் தொடுவதற்கு முன்னால்கூட ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குள் சங்கடம் வந்தாலும் அதே தட்டுதான்.

இருபது வருடம் சங்கச் செயலாளர். மில் வாசலில் ஒரு ஷிப்ட் வெளியே வந்து மறு ஷிப்ட் உள்ளே போகும் இடைவெளி ஏழு நிமிடம். அதற்குள் போனஸ், கேன்டீன் சாம்பார், உலக நிலவரம் மூன்றையும் பேசி, கோஷமும் போட்டு முடித்துவிடுவார். கட்சித் தலைவரானபின் பஞ்சு மார்க்கெட் பக்கம் நடந்த முதல் பொதுக்கூட்டத்தில் அவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டார்கள். ஏழு நிமிடம் பேசினார். மில் சங்கு ஊதும் என்று நின்றார். ஊதவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு அதே ஏழு நிமிடத்தை முதலிலிருந்து பேசினார். மூன்று தடவை. "நல்லா அழுத்திச் சொல்லுதாரு" என்று பாராட்டிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

அவரைப் பற்றி மில் நிர்வாகிகள் மத்தியில் ஒரு கதை உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் டீ வந்தால் சமுத்திரம் குடிக்க மாட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார். ஆள்காட்டி விரல் ஒன்றால் கோப்பையை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைப்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் டீ. ஒரு தடவை பேச்சு பதினோரு மணி நேரம் இழுத்தது. மேசை நடுவே ஏடு படிந்த ஒன்பது கோப்பைகள் வரிசையாக நின்றனவாம். மேனேஜர் கடைசி முயற்சியாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுடச்சுடப் பால்கோவா வரவழைத்து அவர் மூக்குக்கு நேரே பிரித்துவைத்தார். விரல் அதையும் தள்ளியது. "அன்னைக்கி வாயில ஊறினது எனக்குத்தான் தெரியும்" என்று சமுத்திரம் இப்போது ஒப்புக்கொள்கிறார். ஒவ்வொரு பேச்சுவார்த்தையையும் அன்று ராத்திரியே சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து செல்லக்கனிக்கு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பது அவர் வழக்கம். செல்லக்கனி 'உம்' கொட்டிக்கொண்டே குழம்பு ஊற்றுவார். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரியவந்தது.

ஏன் கட்சி என்று நானே கேட்டிருக்கிறேன். "இப்ப மில்லுல பாதிப் பேரு கான்ட்ராக்டு. சங்கத்துல சேந்தான்னா மறுநாள் வேலை இல்ல. ஆனா அவன் ஓட்ட எந்தக் கான்ட்ராக்டரு பிடுங்குவான்? சங்கம்னு கேட்டா மேனேஜரு பதில் சொல்லுவாரு. கட்சின்னு கேட்டா மந்திரி சொல்லணும்லா?" பெயர் 'உழைக்கும் கைகள் கட்சி'. கொடியில் சிவப்புப் பட்டை, நடுவில் நூல் சுற்றிய பாபின். வரைந்தவர் கை பிசகியதில் அது மக்காச்சோளக் கருது போல இருக்கிறது. வத்திராயிருப்பிலிருந்து ஒரு விவசாயி தேடி வந்து, "உர விலைக்கு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார். சமுத்திரம் அசரவில்லை. அவரையும் உறுப்பினராக்கிவிட்டார்.

உறுப்பினர்தான் பிரச்சினை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நோட்டரி வக்கீலாக இருக்கும் ஆல்வின் விதியை விளக்கினார். "அண்ணாச்சி, நூறு பேரு வேணும். நூறு பேரும், வேற எந்தக் கட்சியிலயும் நான் இல்லன்னு பத்திரத்துல கையெழுத்துப் போடணும். ஆரம்பிச்ச முப்பது நாளுக்குள்ள மனு டெல்லி போய்ச் சேரணும். ஒரு ஆள் கொறஞ்சாலும் மொதல்ல இருந்துதான்."

உழைக்கும் கைகளை நூறு ஜோடி பிடிப்பது இந்த ஊரில் பெரிய காரியமில்லை. எந்தக் கட்சியிலும் இல்லாத கைகளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. துணைத் தலைவர் குருசாமியிடமே ஆரம்பித்தது. சோழபுரத்துத் தறிக்காரர். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மூன்று கட்சியின் உறுப்பினர் அட்டை. "வீட்டுக்கு வந்து கேக்காவ அண்ணாச்சி. மூஞ்சிக்கு நேரா எப்பிடி வேண்டாங்கது?" ஒரே ராஜினாமாக் கடிதத்தைக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதவைத்தார் சமுத்திரம். பிறகு அதே குருசாமியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சேத்தூர், வத்திராயிருப்பு, சோழபுரம் என்று அலைந்தார். போன வீட்டிலெல்லாம் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய், "பெட்டியத் தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். இருபத்திரண்டு நாள். பத்திரக் கட்டைக் கொண்டுபோய் ஆல்வினிடம் கொடுத்தார்.

ஆல்வின் புரட்டினார். "ஒண்ணாம் நம்பர்ல கையெழுத்து இல்லியே அண்ணாச்சி. பட்டியல் டைப் ஆயாச்சு, இனி ஆள மாத்தவும் முடியாது."

முதல் நாளே, முதல் ஆளாக, சமுத்திரம் தன் கையால் எழுதிய பெயர்: செல்லக்கனி.

"அது வீட்டுலதான தம்பி இருக்கு. எப்ப வேணாலும் வாங்கிக்கிடலாம்."

"கேட்டியளா?"

சமுத்திரம் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கேட்டார். செல்லக்கனி கிரைண்டரை நிறுத்தவில்லை. "வச்சிட்டுப் போங்க. படிச்சிட்டுப் போடுதேன்."

"இதுல என்னட்டி படிக்க?"

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதியன்னு இருவது வருசமா மைக்குல கத்துனது யாரு?"

கட்சியின் அமைப்புச் சட்டம் முப்பத்துநாலு பக்கம். கம்பெனியில் டீ நேரத்தில் படித்தார், வேனில் படித்தார், ரசம் கொதிக்கும்போது படித்தார். கட்சியில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள், என் கணக்கில், செல்லக்கனிதான். இரண்டாம் நாள் அந்தப் புத்தகம் சமுத்திரத்தின் கைக்குத் திரும்பியபோது பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு சேலைப் பின் குத்தியிருந்தது. 'வார விடுமுறை தொழிலாளியின் பிறப்புரிமை' என்ற வரிக்கு நேரே.

"இது நீங்க எழுதினதுதான?"

"ஆமா."

"எனக்கு லீவு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். அன்னைக்கித்தான் உங்க செயற்குழு இந்த வீட்டுல கூடுது. முப்பது பேருக்குக் காலைல இட்லி, பதினோரு மணிக்கு டீ, மத்தியானம் சோறு. கூட்டத்த வேற எங்கயாவது வையிங்க. கையெழுத்துப் போடுதேன்."

"லீவு போட்டு நீ என்ன செய்யப் போற?"

"லீவுல தொழிலாளி என்ன செய்தான்னு கேக்க மேனேஜருக்கு உரிமை கிடையாதுன்னு நீங்கதான பேசினிய?"

சமுத்திரத்தின் வாயிலிருந்து வந்தவை எனக்குக் கொஞ்சம் பழக்கமான வார்த்தைகளாகப் பட்டன. "பரிசீலிக்கேன்" என்றார். "இப்ப உள்ள நெலமையில ஒடனே முடியாது" என்றார். "ஒனக்குக் குடுத்தா நாளைக்கி எல்லாரும் கேப்பாவ" என்றார். இருபது வருடம் மேனேஜருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் பாடம் மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

"எல்லாருன்னா யாரு? இந்த வீட்டு அடுப்புக்கிட்ட நிக்கது நான் ஒருத்திதான" என்றார் செல்லக்கனி.

மறுநாள் சமரசத் திட்டம் ஒன்று வைக்கப்பட்டது: மாதத்தில் ஒரு ஞாயிறு. செல்லக்கனி மாவைக் கரைத்துக்கொண்டே, "நாலும் வேணும். ஒண்ணு கொறஞ்சாலும், உங்க ஸ்ட்ரைக்கு மாதிரி, கேட்டுக்கு வெளியதான்" என்றார்.

சமுத்திரம் ஏன் இறங்கிவரவில்லை என்பதைக் குருசாமிதான் போட்டு உடைத்தார். தெருவில் பைக்கை நிறுத்திக்கொண்டு, இருவரும் என் வாசலருகே பேசியது. "அண்ணாச்சி, முப்பது பேரு வாரது கொள்கைக்கா, மதினி வைக்க சாம்பாருக்கான்னு எனக்கே வெளங்கல. ஒரு வாரம் வெறும் கூட்டம் போட்டுப் பாத்துருவமா?"

"இப்ப வேண்டாம்லே" என்றார் சமுத்திரம். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கட்சி ஆரம்பித்த இருபத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசில் கட்டைச் சேர்த்தால்தான் முப்பது நாளுக்குள் டெல்லிக்குப் போகும். காலை ஏழரைக்கே ஆல்வின் முத்திரையும் மைப்பெட்டியுமாக வந்துவிட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்னறை மேசையில் பத்திரம், அதன்மேல் மூடி கழற்றிய பேனா.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். சமுத்திரம் டீ போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வடிகட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் இறங்கிவந்ததாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, செல்லக்கனியின் கம்பெனி பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து வடிகட்டியிருந்தார். நாலு டம்ளர் வந்தது. குறை சொல்ல முடியாது. தூள் ஒரு துளிகூட இறங்காத டீ. நானும் ஆல்வினும் குடித்தோம்.

செல்லக்கனி தலையை வாரி முடித்து, டிபன் பையோடு வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஒரு டம்ளர் நகர்ந்து வந்தது. ஆல்வின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கம்பெனி வேன் வர இன்னும் ஏழு நிமிசம் இருக்கு மதினி."

ஏழு நிமிடம் என்று காதில் விழுந்ததும் சமுத்திரத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. எழுந்து நின்றார். தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். பேசினார். எட்டு மணி நேர வேலைக்காகச் செத்தவர்களைச் சொன்னார். கான்ட்ராக்டு தொழிலாளிகளைச் சொன்னார். தறி மேடையில் நின்றே காலில் நரம்பு சுருண்டுபோன பெண்களைச் சொன்னார். தொண்ணூற்றொன்பது பேர் பெட்டியைத் திறந்து பார்த்துப் போட்ட கையெழுத்து இந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றார். ஆல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே பேனாவை எடுத்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் மட்டும் எங்கேயும் வரவில்லை.

தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது. சரியாக ஏழு நிமிடம். சமுத்திரம் உட்கார்ந்தார்.

"எல்லாம் சரிதான்" என்றார் செல்லக்கனி. "ஞாயித்துக்கிழமைக்கு என்ன சொல்லுதிய?"

சமுத்திரம் மாடிப்படி வழியே மேலே தெரிந்த கம்பியைப் பார்த்தார். கொடி பாதி காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆல்வின் முத்திரையைக் கையில் எடுத்து, கீழே வைத்தார். ஹார்ன் இரண்டாம் தடவை அடித்தது.

செல்லக்கனி பத்திரத்தைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். ஆவி அடங்கி ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. ஆள்காட்டி விரல் ஒன்றால் அதை மெல்ல மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்துவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார்.