மெஷின் எடுக்காத கட்டைவிரல்

பனியில் நனைந்த கம்பளி கிளவுஸுக்கு ஒரு வாசனை உண்டு... நனைந்த நாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. மார்கழி விடியற்காலையில் ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

நான் சாத்தூர்ப் பக்கத்து ஆள். வெயிலைத் தவிர வேறெதுவும் தெரியாத உடம்பு. ஓசூரில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். கூடச் சேர்ந்த வெங்கடேசன் ராயக்கோட்டைக்காரன், அவன் வீட்டு மாடி ரூமில்தான் தங்கியிருந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுவான், என்னிடம் தமிழ், வழியில் லாரிக்காரனோடு சண்டை என்றால் கன்னடம்.

முதல் ஷிஃப்ட் ஆறு மணி. ஐந்துக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். கை விறைக்காமல் இருக்க நாங்கள் செய்யாத வித்தை இல்லை. கம்பளி கிளவுஸ் பனியில் ஊறிப் போய் வெறுங்கையே தேவலாம் என்று ஆக்கிவிடும். சாக்ஸை மாட்டி அதன் மேல் கேரி பேக் கட்டினோம். குளிர் தாங்கியது, ஆனால் ஹாரன் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. கடைசியில் தக்காளி லாரி ஏதாவது கிடைத்தால் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவோம். புகைதான், ஆனாலும் காற்று அடிக்காது.

எல்லாவற்றையும் விட உருப்படியானது ஒன்றுதான். பின்னால் உட்காருகிறவன் ஓட்டுகிறவனின் ஜெர்கின் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொள்ள வேண்டும். பாதி வழியில் உத்தனப்பள்ளி வந்ததும் ஆள் மாற வேண்டும். சூடான கை ஹேண்டில்பாருக்கு, விறைத்த கை பாக்கெட்டுக்கு. ஒரே ஒரு நாளைத் தவிர இந்தக் கணக்கு தவறியதில்லை.

இதெல்லாம் சொகுசுக்காக இல்லை. கேட்டில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் இருந்தது, வலது கட்டைவிரல் மட்டும்தான் அதில் பதிவு. விறைத்த விரலை அது எடுக்காது. ஆறு மணி தாண்டினால் லேட். ஒரே மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் ட்ரெய்னிங் இன்னும் ஆறு மாதம் நீளும். தை பிறந்தால் எங்களுக்கு பெர்மனென்ட் லெட்டர் வர வேண்டும். ஊரில் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கும் அவனுக்கும் அந்த மாதம் ஏற்கெனவே ரெண்டு ரெண்டு லேட்.

அதனால் வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் இன்ஜின் பக்கத்தில் குந்தி கையைக் காட்டுவோம். தொடக்கூடாது, காட்டினால் போதும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கு வெங்கடேசனுக்கு நல்ல காய்ச்சல். லீவு போட முடியாது என்று அவனும் வந்தான். உத்தனப்பள்ளியில் வண்டியை நிறுத்தச் சொன்னான். “எறங்குடா, நான் ஓட்டறேன். எங்கை சூடாத்தான் இருக்குது” என்றான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது அவனுக்கு. நான் நிறுத்தவில்லை. நண்பனுக்காகத் தியாகம் செய்கிறோம் என்கிற நினைப்பு வேறு... கடைசி வரை நானே ஓட்டினேன்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறுக்கு மூன்று நிமிஷம். கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், ம்ஹூம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. வெங்கடேசனை நீ வை என்று நகர்ந்தேன். அவன் வைத்தான், வைத்ததும் ‘பீப்’ என்றது. நான் பைக்குக்கு ஓடினேன். அவசரத்தில் விரலை இன்ஜின் மேலேயே வைத்து அழுத்தினேன். விறைத்த விரலுக்குச் சூடு எங்கே தெரியும்? கருகின வாசனை வந்த பிறகுதான் கையை இழுத்தேன்.

ஓடி வந்து மறுபடி வைத்தேன். மெஷினுக்கு அது இப்போது விரலே இல்லை.

வெங்கடேசன் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் குழாயடியில் காட்டினான். அப்போதுதான் அவன் கை எவ்வளவு சூடு என்று மணிக்கட்டில் உணர்ந்தேன். ஒன்பது மணிக்கு ஆபீஸில் போய் நின்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், விரலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “என்னப்பா பண்றது, மெஷின்ல இல்லன்னா நீங்க அந்நேரத்துக்கு வரலன்னுதான் அர்த்தம்” என்றார்.

தை மாதம் அவனுக்கு லெட்டர் வந்தது. எனக்கு ஆடியில்தான். அந்த ஆறு மாதமும் அம்மாவிடம் இன்று நாளை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் எடுக்கவே அலுப்பாக இருக்கும். வெங்கடேசன் லெட்டரை என் கண்ணில் படாமல் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தான். நான் கேட்கவும் இல்லை.

சில வருஷத்தில் அவன் அப்பா படுத்த படுக்கையானார். அவன் வேலையை விட்டுத் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன்... அதே ஷிஃப்ட், இடுப்பு வலி மட்டும் புதுசு.

போன வாரம் ரேஷன் கடையில் என் கட்டைவிரல் ரேகை விழவில்லை. வேற விரல் வைங்க சார் என்றாள் பில் போடுகிற பெண். எனக்கு என்னவோ போல் இருந்தது. வெளியே வந்து வெங்கடேசனுக்கு போன் போட்டேன். ரெண்டு வருஷம் கழித்துப் பேசுகிறோம். சிரித்துக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“அன்னிக்கு எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு மாதிரி கொதிச்சிட்டு இருந்துச்சுடா. ஒரு நிமிசம் உங்கையப் புடிச்சிருந்தா போதும், அது எடுத்திருக்கும். பக்கத்துலதான் நின்னேன். எனக்கு ரேகை விழுந்திருச்சேன்னு சும்மா நின்னுட்டேன்.”

எனக்கும் தோன்றவில்லையே என்றேன். அவ்வளவு தூரம் அவன் கை என் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, கேட்டில் மட்டும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.  பிறகு தக்காளி என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

இப்போது கேட்டில் முகத்தைப் பார்க்கிற மெஷின். கம்பெனி பஸ் வீட்டுப் பக்கத்திலேயே வருகிறது. கண்ணாடியெல்லாம் மூடியிருக்கும், கை குளிர்வதில்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டே போகிறோம்.

பக்கத்து சீட்டில் ரெண்டு வருஷமாக ஒருவர் உட்கார்ந்து வருகிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.