கொடுக்காத பருத்தி

சங்கரன்கோவிலுக்கு நான் முதலில் போனது படம் விற்கத்தான், சாமி கும்பிட அல்ல. மதுரையில் ஒரு அச்சகத்தில் சாமி படங்களும் சின்னப் புத்தகங்களும் எடுத்துக்கொண்டு, திருவிழா நடக்கிற ஊர்களில் கோணியை விரித்து உட்காருவது அப்போது என் தொழில். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அரிசி ரேஷனில் வந்த காலம். அதற்கு முன் மில்லில் பஞ்சு சுமந்தேன், உப்பளத்தில் மண்வெட்டி பிடித்தேன், கொஞ்ச நாள் ஒரு நாடகக் கம்பெனியில் திரை இழுத்தேன். எந்த இடத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வரும். விற்காத புத்தகங்களை ரயிலில் நானே வாசித்துத் தீர்த்துவிடுவேன்.

அவற்றில் ஒன்று தேவி தியானம் பற்றியது. பட்டணத்தில் படித்தவர்கள் கூடி நடத்திய ஏதோ ஒரு சபை போட்டது. தேவியைத் தேடிக் கோயிலுக்குப் போக வேண்டாம், அவள் உன் முதுகெலும்பின் அடியில் சுருண்டு படுத்திருக்கிறாள், கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்தால் உடம்பிலுள்ள ஆறு சக்கரங்கள் வழியாக மேலேறி வருவாள் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வீடு இல்லாதவனுக்கு, உடம்போடு கூடவே வருகிற தெய்வம் தோதானதுதானே. மூன்று மாதம் விடாமல் உட்கார்ந்து பார்த்தேன். ரயிலடியில் உட்கார்ந்தேன், சத்திரத்து மூலையில் உட்கார்ந்தேன், குளிர்காய்ச்சல் விட்ட மறுநாள்கூட உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனதைத் தவிர வேறெதுவும் மேலேறி வரவில்லை.

ஆடித்தவசுக்குக் கொடியேறிய மறுநாள் சங்கரன்கோவிலில் இறங்கினேன். ரத வீதியில் இடம் பிடித்துக் கோணியை விரித்துவிட்டு, வெயில் ஏறியதும் கோயிலுக்குள் போனேன். உள்ளே நிழல் இருக்கும், தண்ணீர் கிடைக்கும். அம்மன் சன்னதிக்கு எதிரே தரையில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதில் சக்கரம் பதித்திருப்பதாகப் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். சக்கரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்துவிட்டேன். புத்தகத்தில் இருந்த சொல் அல்லவா.

அந்தப் பள்ளத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கண் திறந்திருந்தது, ஆனால் இமைக்கவில்லை. முகத்தில் ஈ உட்கார்ந்தது, அவள் விரட்டவில்லை. கூட்டம் இடித்துக்கொண்டு போனது, அவள் அசையவில்லை. நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். புத்தகம் சொன்ன நிலை இதுதான், எனக்கு வராதது இவளுக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அவள் எழுந்து வந்து பிரகாரத்தில் உட்கார்ந்ததும் பின்னாலேயே போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். இந்த மௌனம் கைகூட எத்தனை வருடம் ஆயிற்று தாயே என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்திலிருந்த பெண்தான் பதில் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், அவளுடைய அக்கா.

“எந்திரிங்க அண்ணாச்சி. அவ தவமும் இருக்கல, ஒண்ணும் இருக்கல. பிள்ள செத்துப் போச்சு. சித்திரையில இருந்து வாயே தொறக்க மாட்டேங்கா.”

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன். அந்தப் பள்ளம் மனம் கலங்கியவர்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கிற இடம் என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தில் அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. கையில் வைத்திருந்த பொரிகடலைப் பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு தங்கையின் வாயில் ஊட்டினாள். தங்கை மென்றாள்.

அக்கா மேலநீலிதநல்லூர்க்காரி. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாய் வத்தலும் போடுகிற குடும்பம். தங்கையை ராயகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பருத்தி எடுப்புச் சமயத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளை இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தவள் அதன் பிறகு பேசவில்லை. சோறு போட்டால் தின்றாள், கூப்பிட்டால் வந்தாள், அவ்வளவுதான். மாமியார்க்காரி இரண்டு மாதம் பார்த்துவிட்டு, மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பெண்ணும் அமைந்துவிட்டது. தவசு முடியட்டும், அதற்குள் பேசிவிட்டால் சரி, இல்லையென்றால் இவளை அக்கா வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆக, பன்னிரண்டு நாள் திருவிழாதான் அவர்களுக்குக் கெடு. நான் பார்த்த அன்று இரண்டாம் நாள்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் கோயிலைச் சுற்றினாள். ஆடிச்சுற்று என்பார்கள். நூற்றெட்டுச் சுற்று. நேரம் குறித்துப் பள்ளத்தில் உட்கார வைப்பாள். புற்றுமண்ணைக் கரைத்து நெற்றியில் இடுவாள், வாயில் கொஞ்சம் வைப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் என் கடைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். சில நாள் தங்கை எழுந்திருக்க மாட்டாள், எத்தனை இழுத்தாலும் வரமாட்டாள். “ஒத்தக்கால்ல நிக்காளே பாவி” என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பிடிவாதத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. சொல்லிவிட்டு, அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அம்மனும் சிவனையும் ஹரியையும் ஒரே உருவாகக் காட்டச் சொல்லி இந்த ஊரில் ஒற்றைக்காலில் நின்றவள்தான். அந்த நிற்பைத்தான் தவசு என்று கொண்டாடுகிறார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அக்கா என் புத்தகங்களைத் தொட்டுப் பார்த்து, இதில் இதற்கு ஏதாவது வழி போட்டிருக்கிறதா என்று கேட்டாள். நான் தியானப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். உனக்கு மிகவும் பிரியமான பொருளைத் தேவியின் காலடியில் விட்டுவிடு, பற்று விட்ட இடத்தில் அவள் வந்து அமர்வாள் என்று ஒரு பக்கம் இருந்தது. நானாக ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் சற்று ராகம் போட்டு வாசித்தேன். கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தவசன்று சாயங்காலம் சாமி காட்சி கொடுக்கும்போது, விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தின் மேல் வீசுவார்கள். சூறை விடுவது என்று பெயர். தங்கை வீட்டுக் காட்டில் விளைந்த பருத்தியை அவள் கையாலேயே வீச வைத்துவிட்டால் வாய் திறந்துவிடும் என்று நேர்ந்துகொண்டாள். உள்ளூர் வண்டிக்காரர் ஒருவர் மூலம் ராயகிரிப் பக்கம் சொல்லி அனுப்பி, அந்த வீட்டுக் குதிரில் இருந்த பருத்தியில் ஒரு மூட்டை வரவழைத்தாள். தன் பங்குக்கு ஒரு மடி வத்தல்.

தவசன்று காலையிலேயே அம்மன் தவசு மண்டபத்துக்கு வந்துவிட்டாள். வெயில் தாழ்ந்ததும் தெருவில் நிற்க இடமில்லை. நான் கடையைக் கட்டிவிட்டு அவர்களோடு போய் நின்றேன். தங்கையின் புருஷனும் வந்திருந்தான். நெட்டையான ஆள், அதிகம் பேசாதவன். பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நிற்பதா தள்ளி நிற்பதா என்று தெரியாமல், இரண்டு எட்டு பின்னால் நின்றான். அக்கா மூட்டையை அவிழ்த்து, இரண்டு கை நிறையப் பருத்தியை அள்ளித் தங்கையின் கையில் கொடுத்தாள்.

கையில் வாங்கியவள் குனிந்து பார்த்தாள். பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சாமி எதிரே வந்துவிட்டது. மேளம் உச்சத்துக்குப் போனது. சுற்றிலும் வத்தலும் பருத்தியும் பறந்தன. வத்தல் நெடியில் எல்லோருக்கும் இருமல். வீசு, வீசு என்று அக்கா தோளைத் தட்டினாள். அவள் வீசவில்லை. அக்கா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், நேர்ந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆகாது, பிடுங்கி வீசும்மா என்றார். அக்கா அழுதுகொண்டே பிடுங்கினாள்.

“குடுக்க மாட்டேன்.”

தொண்டை கட்டிய குரல். யார் பேசியது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அம்மனை நேராகப் பார்த்துத் திரும்பவும் சொன்னாள். “இத உனக்குக் குடுக்க மாட்டேன்.”

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. பெரியவர், சன்னதியில் நின்று பேசுகிற பேச்சா இது என்று முணுமுணுத்தார். அப்போது புருஷன் முன்னால் வந்தான்.

“விட்டுருங்க மதினி. அது பிள்ள படுத்திருந்த பருத்தி. எடுப்பு நடக்கையில அம்பாரத்து மேலதான் தூங்கப் போடுவா. அம்மை அது தெரியாம மூட்டையில அள்ளி அனுப்பிட்டா போலுக்கு.”

அவன் அம்மை என்றது தன் தாயாரை. ஆனால் அந்த இடத்தில், அந்த மேளச் சத்தத்தில், எனக்கு அது எதிரே நிற்கிற அம்மனைச் சொன்னதுபோலக் காதில் விழுந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினாள். “அவளே ஒத்தக்கால்ல நின்னுதான வாங்கினா. எந் தங்கச்சியும் நிக்கட்டும் போங்க” என்றாள். பிறகு தன் மடி வத்தல் அவ்வளவையும் இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். இத வச்சுக்கோ தாயி, பருத்தி அவளுக்கு இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லி வீசினாள். பாதி வத்தல் எங்கள் தலையிலேயே விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அம்மன் முகம் தெரிந்தது. விளக்கொளியில் வத்தல் பட்டும் பருத்தி பட்டும், அவள் எதையும் தள்ளாமல் நின்றுகொண்டிருந்தாள். வாங்கிக்கொள்ள நிற்பவள்போல எனக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, கிடைக்கும்வரை நகராமல் நிற்கிறவள்போல இருந்தாள். மூன்று மாதம் கண்ணை மூடித் தேடியவன், கண் திறந்திருக்கையில் அவளைப் பார்த்தது அப்போதுதான். நானும் எதையாவது கேட்டிருக்கலாம். கேட்கப் பழக்கமில்லை. நின்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று மேலநீலிதநல்லூர் போகிறது, இன்னொன்றை ராயகிரிப் பக்கத்திலிருந்து புருஷன் ஓட்டி வந்திருந்தான். தங்கை எதில் ஏறுவாள் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அவள் பருத்தியை முந்தியில் முடிந்துகொண்டு அக்காவின் வண்டியில் ஏறினாள். புருஷன் முகம் விழுந்துவிட்டது. வண்டித்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அங்கன பிள்ளச் சத்தம் இல்லாம என்னால இருக்க முடியாது” என்று அவனிடம் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, “பொறவு வாரேன்” என்றாள்.

“வா. நான் அம்மைகிட்டச் சொல்லிக்கிடுதேன்” என்றான் அவன். பெண் பார்த்ததைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. தோள் துண்டை எடுத்து மடித்து, அவள் சாய்ந்துகொள்ள முதுகுக்குப் பின்னால் வைத்தான்.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. புத்தகத்தை ராகம் போட்டு வாசித்தது என் நாக்குதானே. படக்கட்டிலிருந்து நல்ல தேவி படம் ஒன்றை உருவி அவளிடம் நீட்டினேன். தாமரையில் உட்கார்ந்து, அரைக்கண் மூடி, நாலு கையோடு இருக்கிற படம். என் சரக்கில் விலை கூடியது அதுதான். அவள் வாங்கி வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். என்னிடம் அவள் பேசியது அந்த ஒருமுறைதான்.

“இவ உக்காந்துல்லா இருக்கா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். வண்டி புறப்பட்டது.

அடுத்த ஆடியில் சங்கரன்கோவிலில் அக்காவைப் பார்த்தேன். தங்கை கார்த்திகையில் ராயகிரிக்குப் போய்விட்டாளாம். பேசுகிறாள், ஆனால் வேண்டியதுக்கு மட்டும். மாமியாரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள் என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். முந்தியில் முடிந்துகொண்டுபோய் அவள் குதிருக்குள் வைத்திருக்கிற அந்தப் பருத்தியை இன்னும் யாரும் தொடக் கூடாதாம். மாமியார் அதை வைத்துத் தினமும் ஏதாவது சொல்கிறாளாம்.

அவளிடம் விடைபெற்றுக்கொண்டு கோயிலுக்குள் போனேன். பள்ளத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் அதற்குப் பின்னால், கூட்டம் இடிக்கிற இடத்தில், கால் வலிக்கிறவரை நின்றேன். அந்தத் தாமரைப் படம் மட்டும் தென்காசியில் விலைபோயிற்று.