பால்கனியில் கையேந்திய விருந்தாளி

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, வேலை பார்த்த தோட்டத்தில் ஒட்டகம் கிடையாது. குரங்குச் சாயலில் இருக்கும் லெமூர் இருந்தது. மடகாஸ்கரில் பிறக்க வேண்டியதெல்லாம் ஷார்ஜா மணலில் ஏசி போட்ட கூண்டுக்குள் இருந்தது. ஊரில் இருந்த அவர் மனைவி சாச்சிக்கு விசா எடுத்துத் தருவதாக முதலாளி, அதாவது அர்பாப், சொல்லியிருந்தார். அதனால் அர்பாப் தும்மினால்கூட சாச்சா எழுந்து நிற்பார்.

பின்னால் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். லெமூரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அஜ்மானில் எங்கள் ஒற்றை அறையில் சோறு தின்றுகொண்டே சாச்சா சொன்னதுதான். கறுப்பும் வெள்ளையுமாகப் பிடரி மயிர் வைத்த சாதி ஒன்று. பழம்தான் தின்னும், உச்சாணியை விட்டு இறங்காது, ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும். எலி அளவில் இன்னொன்று. பகலெல்லாம் தூங்கி, இருட்டினால்தான் கண் திறக்கும். வாலில் வளையம் போட்டது மட்டும் தரையிலும் கூட்டமாக நடக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பொம்பளைதான் தலைவி. அவள் தின்ற பிறகுதான் ஆண்கள் தட்டுப் பக்கம் வரலாம்.

“நான் அங்கயே பொறந்திருக்கலாம்” என்றாள் உம்மா.

ஒருநாள், அனுமதிக் காகிதம் இல்லாத விலங்குகளைத் தேடி அதிகாரிகள் வருவதாகப் பேச்சு வந்தது. மேனேஜர் கத்துகிற சாதியை ராத்திரியோடு ராத்திரியாக வேறெங்கோ அனுப்பினார். வளைய வால்களை வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். தலைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“இது யாருக்கும் தெரியக் கூடாது புள்ள” என்றார் சாச்சா. “அர்பாப் நம்மள நம்பிக் குடுத்திருக்காரு.”

நான் அப்போதே பயந்தாங்கொள்ளி. வயரைக் கடித்துச் செத்துவிடுமோ, லிஃப்டில் ஏறிப் போய்விடுமோ, தம்பியின் காதைப் பிய்த்துவிடுமோ என்று பள்ளிக்கூடத்திலும் அதே நினைப்பு. நான் கவலைப்படாத ஒரே விஷயம்தான் கடைசியில் நடந்தது.

அது தின்னவில்லை. கூட்டத்தைக் கூப்பிட்டுப் பூனை மாதிரி இழுத்து இழுத்து அழுதது. பக்கத்து அறைக்காரரிடம் உம்மா பூனைதான் என்று சொல்லிவைத்தாள். அழுது ஓய்ந்ததும் ஏசிக் குளிரில் வாலைச் சுற்றிக்கொண்டு சுருண்டது.

“விடிஞ்சதும் வெயில்ல ஒக்காந்தாத்தான் இதுக்கு ஒடம்பு ஓடும். இப்படியே விட்டா செத்துரும்” என்று சாச்சா பால்கனித் திரையை விலக்கினார்.

அது மனிதரைப் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்தது. வெள்ளை வயிற்றை வெயிலுக்குக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“சுப்ஹானல்லாஹ், துஆ கேக்குது பாரு” என்று உம்மா தோளில் கிடந்த தட்டத்தை இழுத்துத் தலையில் முக்காடாகப் போட்டாள். அன்று அது திராட்சை தின்றது. அதன்பின் தினமும் காலையில் திரை விலகியது.

எதிர்க் கட்டடத்தில் யாரோ அதைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மறுநாள் கதவு தட்டப்பட்டது.

வாசலில் அதிகாரிகள் நிற்க, சாச்சா உள்ளே வந்து மேனேஜருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் நிதானமாக வந்தது. “பாய், டென்ஷன் நஹி. நீயே வாங்கினதா சொல்லிரு. அர்பாப் பேரு வரக் கூடாது. ரெண்டு நாள்ல வெளிய எடுத்துருவாரு. ஒன் பீவி விசாவும் பக்கா.”

“வேணாண்டா” என்றார் வாப்பா.

“விசா இருக்குல்ல காக்கா” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சாச்சா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

லெமூரைக் கூண்டில் வைத்துப் போர்வை போர்த்தி, தண்ணீரும் வைத்தார்கள். கூட்டத்தோடு சேர்த்துவிடுவோம் என்று ஓர் அதிகாரி என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். சாச்சா வீட்டுச் செருப்போடு பின்னால் நடந்தார். அவரை யாரோடு சேர்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழிந்தது. சாச்சா ஜெயிலிலேயே இருந்தார். மேனேஜர் போனை எடுப்பதை நிறுத்தினார். மிச்சமிருந்த லெமூர்களை அர்பாப் தானாகவே ஒப்படைத்து நல்ல பேர் எடுத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

ஒரு சாயங்காலம் நான் வந்தபோது வாப்பா அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சாச்சாவின் சட்டைகள், கைலிகள், தொழுகைத் தொப்பி. டேப் ஒட்டி, கயிறு சுற்றி, மார்க்கரால் சாச்சாவின் பெயரையும் ஊரையும் எழுதினார். உம்மா சுவரைப் பார்த்து நின்றாள். சாச்சாவை ஜெயிலிலிருந்தே நாடு கடத்துகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீடுகளில் பெட்டி கட்டினால் யாரோ லீவில் ஊருக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அத்தனை நாள் பயமும் ஒரே நொடியில் விட்டுப்போனது.

“சாச்சாக்கு லீவு குடுத்துட்டாங்களா? சாச்சிக்குச் சாக்லேட்டே வைக்கலயே வாப்பா!”

வாப்பா இறுக்கிக் கட்டிய கயிற்றை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார். மறந்துதான் போயிருந்தார் போல என்று நினைத்துக்கொண்டேன்.