முத்துச்செல்வி கேபிள் பிடுங்கும் திங்கட்கிழமை

போன வாரம் மில்லர்புரத்தில் என் ஆபீஸ் வாசலில் ஒரு பொக்லைன் வந்து நின்றது. சாக்கடை தோண்டுகிறார்களாம். தோண்டட்டும், நல்ல விஷயம்தானே என்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்... மண்ணோடு சேர்ந்து ஒரு கறுப்பு கேபிளும் மேலே வந்தது. எங்கள் இன்டர்நெட்!

என் தொழில் – ஹார்பரில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போட்டுக் கொடுப்பது. எல்லாமே ஆன்லைன். எதிரே, பெரியதாழை ஊரிலிருந்து வந்த ரோஸ்லின் அக்கா உட்கார்ந்திருந்தார். கணவாய் மீன் வியாபாரி. சொந்தப் பெயரில் அவர் அனுப்பும் முதல் கன்டெய்னர். பன்னிரண்டு மணிக்குள் பேப்பர் ஏறாவிட்டால் ஹார்பர் கேட்டுக்குள் விடமாட்டார்கள். கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும். மணி பதினொன்றரை.

"என்ன தம்பி, மொகம் செத்துப்போச்சு?" என்றார் அக்கா. ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

ஸ்கிரீனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் திடீரென்று பக்கம் திறந்து, மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். பேப்பர் ஏறிவிட்டது!

எல்லாம் முத்துச்செல்வி புண்ணியம். எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். மொட்டைமாடி ஆன்டெனா வழியாகப் போகிற இன்னொரு வழியையும் ரூட்டரில் எழுதி வைத்திருக்கிறாள். கேபிள் வழிக்கு நம்பர் ஒன்று, இதற்கு இருநூறு. நம்பர் கூடக் கூட மதிப்பு குறைச்சல் – முதல் வழி செத்தால்தான் இதைக் கூப்பிடுவார்கள்.

அதோடு விட்டாளா? மாதாமாதம் முதல் திங்கட்கிழமை, வேலை நேரத்தில், மெயின் லைனைப் பிடுங்கிப் பார்ப்பாள். அதுவும் வெயிலில் போய், தெருமுனைக் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறி! நான் கத்துவேன்: "ஏம்மா, வெளையாடுதியா? பிடுங்கணும்னா இங்கன, ரூட்டர்லயே பிடுங்கேன்!"

"இங்கன பிடுங்கினா ரூட்டருக்கு உடனே தெரிஞ்சிரும் அண்ணாச்சி. ரோட்டுல அறுந்தா அதுக்கு எப்படித் தெரியும்? கேபிள் சொருகின எடத்துல லைட்டு எரியுதுல்லா... வழி நல்லாருக்குன்னு நம்பி அனுப்பிக்கிட்டே கெடக்கும். அதான், தூரத்துல இருக்க ஒரு சர்வரைக் கூப்பிட்டுக்கிட்டே இருன்னு சொல்லி வச்சிருக்கேன். பதில் வரலன்னா வழிய மாத்திக்கிடும். மாத்துதான்னு பாக்க வேண்டாமா?"

அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆபத்து வராத நாளில், நம்மைக் காப்பாற்ற நிற்கிறவர்களைத்தானே முதலில் திட்டுகிறோம்?

கன்டெய்னர் கேட்டுக்குள் போன செய்தி வந்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே!" என்று கண்ணைத் துடைத்தார். நான் முத்துச்செல்விக்கு போன் போட்டேன். "நீ நல்லா இருக்கணும்மா..."

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. கேபிளை மொதல்ல ஒட்டச் சொல்லுங்க. இப்ப ஒத்த வழிலதான் ஓடுது."

கேபிளை ஒட்டியாயிற்று. நேற்று, இந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை. சொல்லி வைத்தாற்போல வந்துவிட்டாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவன் அடியேன்தான்!