பதினான்காம் பக்கம்

அவனியாபுரம் திருப்பத்தில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினால் மலைச்சாமி பைக்கை ஓரம் கட்டி இரண்டு ஆவணங்களை நீட்டுவார். ஒன்று ஓட்டுநர் உரிமம். மற்றொன்று அவரை விடுதலை செய்த தீர்ப்பின் நகல்.

"சார், பதினாலாம் பக்கம், கடைசிப் பத்தி பாருங்க."

"யோவ், இன்சூரன்ஸ் இருந்தாக் காட்டு. உன் கதைய யாருய்யா கேட்டா?"

வயது நாற்பத்தாறு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பை வெட்டுமுன் மூன்று முறை அளப்பார். தீர்ப்பு நனையாமலிருக்க மூடியோடு ஒரு தகரக் குழாய் செய்து பைக்கில் மாட்டியிருக்கிறார்.

2014 சித்திரையில் ஒரு கோயில் திருவிழா அடிதடி. ஏழு பேர்மீது வழக்கு. பந்தல் குழாய்களைப் பற்றவைக்கப் போன மலைச்சாமி ஐந்தாவது ஆள். 12.03.2019 அன்று விடுதலை. நீதிமன்ற நகல் பிரிவில் அந்த நகலை ஒப்பிட்டுக் கையெழுத்திட்டவன் நான். பதினான்கு பக்கம், பிழையில்லை. இன்று பதினான்காம் பக்கத்தின் ஓரம் மட்டும் அவர் கட்டைவிரல் பட்டுக் கறுத்திருக்கிறது.

தீர்ப்பைக் காட்டும் பழக்கம் தொடங்கியது மூன்றாண்டுக்கு முன். விமான நிலையக் கூரை வேலைக்கு நுழைவு அட்டை கேட்டார். அதற்குக் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும். காவல் நிலையக் கணினியில் வழக்கு நிலுவையிலேயே இருந்தது. விடுதலையை யாரும் பதியவில்லை. வேலை கைவிட்டுப் போனது. மனுக்கள் போட ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்தது நான்.

மனைவி முருகம்மாளுக்கு இந்தக் குழாயைக் கண்டாலே ஆகாது.

"கேக்காத ஆளுககிட்டயும் கேஸ் இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டுத் திரியுறீக. போலீசு கூட இம்புட்டுப் பேருகிட்டச் சொல்லல."

"அவுக கேக்க முந்தி நாம காட்டிப்புடணும்டி."

ஐந்தாவது மனுவுக்குப் பின், சென்ற மாதம் 9ஆம் தேதி, பதிவு திருத்தப்பட்டது. புதுச் சான்றிதழில் நிலுவை வழக்கு இல்லை. அதே விமான நிலையத்தில் வேறொரு வேலை. நுழைவு அட்டையும் வந்தது. முதல் நாள் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

அதே திருப்பம், அதே காவலர்.

"என்னய்யா, இன்னைக்குத் தீர்ப்பு வாசிக்கலையா?"

"இல்ல சார். எல்லாம் முடிஞ்சிருச்சு."

வலது கை உரிமத்தை நீட்டியது. காவலர் அதைப் பார்த்துத் திருப்பித் தரும்வரை, இடது கை தகரக் குழாயின் மூடியைப் பாதி திருகியபடியே இருந்தது.