வினாத்தாளில் மாறிப்போன சொல்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் புனேயில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். தற்காலிக வேலைதான், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக உத்தரவு வர வேண்டும். கணவருக்குப் புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியை விட்டு வந்தவள் நான். வீட்டில் தமிழ், பஸ்ஸில் இந்தி, வகுப்பில் பாதி ஆங்கிலம், பாதி மராத்தி.

ஆங்கிலத்திலோ மராத்தியிலோ தேர்வு எழுதலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்திருந்தது. வினாத்தாளில் ஆங்கிலம் மேலே இருக்கும், மராத்தி கீழே. இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி உண்டு. மராத்தியில் எழுதும் பிள்ளைகளுக்காகப் பாடத்தின் சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருப்போட்டிருந்தேன்.

அந்த ஏப்ரலில் இரண்டாம் ஆண்டுத் தேர்வு. சொந்தப் பாடத்துக்கு யாரையும் மேற்பார்வைக்குப் போடமாட்டார்கள். அன்று இருவர் வரவில்லை, என்னைப் போட்டுவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எழுதிய ஒருவன் நான்காம் கேள்விக்கு வரைபடம் போட்டிருந்தான். தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அடுத்த பெஞ்சில், ஊருக்கு வெளியே சாகண் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் அதே கேள்விக்கு மராத்தியில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கோடு இடப்பக்கம் போயிருந்தது. என் மாணவிதான், சுலபமாகத் தப்பு செய்கிறவள் இல்லை.

மீதியிருந்த வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். மாற்றுப் பொருளின் விலை ஏறினால் தேவை என்னவாகும் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். மாற்றுப் பொருள் என்றால் தேநீருக்குக் காப்பி மாதிரி. மராத்தியில் அதற்கு ‘பர்யாயீ’ என்று இருக்க வேண்டும். ‘பூரக்’ என்று அச்சாகியிருந்தது. அது துணைப் பொருள், தேநீருக்குச் சர்க்கரை மாதிரி. காப்பி விலை ஏறினால் தேநீர் அதிகம் விற்கும். சர்க்கரை விலை ஏறினால் குறையும். விடை நேர் எதிராகிவிடும்.

தேர்வுப் பொறுப்பாளர் சுற்றி வந்தபோது வாசலில் நிறுத்திச் சொன்னேன். ஓய்வு பெறும் வயதில் இருந்த மராத்திக்காரர்.

“மேடம், மராத்தி எனக்குத் தாய்மொழி. நீங்க எனக்குச் சொல்றீங்களா?”

“ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்.”

படித்தார். அதுவரை அவரும் ஆங்கிலத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

“பல்கலைக்கழகத்துக்குப் போன் போடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

அவர் திரும்பி வந்தபோது முக்கால் மணி நேரம்தான் பாக்கி.

“தாள் தயாரிச்சவரைக் கேக்காம ஒண்ணும் சொல்ல முடியாதாம். ஆங்கிலமே செல்லும்னு போட்டிருக்கே, அவ்வளவுதான்.”

“மராத்தியில எழுதறவங்க என்ன சார் பண்ணுவாங்க?”

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கதவருகே நின்றேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியில் பூஜ்யம் விழும். நடு அறைக்கு வந்து மராத்தியில் சத்தமாகச் சொன்னேன்: “நான்காம் கேள்வியில் ‘பூரக்’ என்பதை ‘பர்யாயீ’ என்று வாசியுங்கள்.”

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஸ்கேலை எடுத்து, எழுதிய இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தாள். பிறகு மூச்சுவிடாமல் எழுதினாள். மணி அடித்தது. தாளை வாங்கும்போது கடைசிக் கேள்விக்கு எண் மட்டும்தான் போட்டிருந்தாள்.

மறுநாள் முதல்வர் கூப்பிட்டார். “உங்க அறைக்குச் சொல்லிட்டீங்க. மத்த அறையில உள்ளவங்களுக்கு?”

இரண்டு வாரம் கழித்து, நானும் விடைத்தாள் திருத்தப் போயிருந்த இடத்தில் கூட்டம் போட்டார்கள். மொழிபெயர்ப்பில் பிழைதான் என்று ஒப்புக்கொண்டு, மராத்தியில் எழுதியவர்கள் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டிருந்தாலும் விடை சரியென்றால் முழு மதிப்பெண் என்று முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அந்தப் பெண் குறுக்கே அடித்த இரண்டு பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

“புதுசா எழுதினது அரைகுறையா இருந்தா, அடிச்ச விடையைத் திருத்தலாமா?” என்று கேட்டேன்.

“அடிச்சா அடிச்சதுதான் மேடம்” என்றார் தலைமைத் தேர்வாளர்.

ஜூனில் எனக்கு வேலை உத்தரவு வந்தது, கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதமும். அதே வாரம் அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். தேறியிருந்தாள், ஆனால் கடைசிக் கேள்வியை எழுதாததால் முதல் வகுப்பு கைநழுவியிருந்தது.

“நீங்க சொன்னதாலதான் மேடம் தப்பிச்சேன்” என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம். முடியவில்லை. கூட்டத்தில் முடிவானதைச் சொன்னேன்.

“அப்போ நான் முதல்ல எழுதினது சரியா?”

“சரிதான்.”

“நீங்க பேசாம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

பையிலிருந்து மூன்றாம் ஆண்டுப் படிவத்தை எடுத்து, தேர்வு மொழிக்கான கட்டத்தில் ‘ஆங்கிலம்’ என்று என் கண்முன்னேயே எழுதினாள்.

“உனக்கு மராத்தியிலதானே சரளமா வரும்?”

“வரும் மேடம். ஆனா அதுல என்ன தப்பு வந்தாலும் என் தலையிலதானே விழுது.”

அவள் வகுப்பாசிரியர் நான்தான், கையெழுத்துக்காகப் படிவத்தை என் பக்கம் திருப்பினாள். அவசரப்படாதே, யோசி என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு மறுபடியும் எதையாவது சொல்லப் பயமாக இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.